கறுக்காத டேப்

குக்கர் கேஸ்கட்டை மாற்றியதுதான் அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஒருவர் செய்தால் பத்து நிமிடம். நாங்கள் இருவரும் செய்ததால் நாற்பது நிமிடம் ஆனது.

அம்மா மூடியைப் பிடித்துக்கொண்டாள். நான் பழைய ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். ஒரு பக்கம் தட்டையாகிப் பளபளப்பேறியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது.

"இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்றாள்.

"ஓடாது."

"முப்பத்தோரு வருஷமா கேஸ்கட் பாக்கறேன்டி."

"போன வாரம் ஓரத்துல ஆவி போகுதுன்னு கத்துனது யாரு?"

"ஆவி போகுதுன்னுதான் சொன்னேன். தூக்கிப் போடுன்னா சொன்னேன்?"

புதிய வளையத்தைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கினாள். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பொருத்த ஆரம்பிக்க வேண்டும் என்றாள். எங்கிருந்து ஆரம்பித்தாலும் வட்டம் வட்டம்தான் என்றேன். அவள் சொன்ன இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்து, கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு ஒரு படிவத்தை வைத்தாள்.

"கையெழுத்துப் போடு."

"என்னது இது?"

"லைப்ரரி ஃபாரம். ரெண்டு பேர் போடணும். ஒருத்தர் போட்டாச்சு."

படித்தேன். 'இளையோர் பிரிவின் நூல்களைப் படித்திருக்கிறேன். விண்ணப்பதாரரை ஐந்தாண்டுகளுக்கு மேல் அறிவேன்.' இதற்குக் கீழே இரண்டு கோடுகள். முதல் கோட்டில் ஒரு கையெழுத்து இருந்தது.

"நான் இதெல்லாம் படிச்சதில்லையே."

"அஞ்சு வருஷமா என்னைத் தெரியும்ல?"

"அது உண்மை. முதல் வரி பொய்."

"பேனா எடுத்துப் போடறதுக்கு இவ்வளவு பேச்சா?"

"சோதிக்காத மீட்டருக்கு நான் கையெழுத்துப் போடறதில்லம்மா."

"நான் மீட்டரா?"

"ஃபாரத்தச் சொல்றேன்."

விசில் வந்தது. ஓரத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இருவரும் பார்த்தோம். அம்மா படிவத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்தாள்.

"உன் மேசையில ஒரு புக் வெச்சிருக்கேன். முதல் பாகம். படிச்சிட்டு அப்புறமா போடு. முப்பதாம் தேதி கடைசி."

"பாக்கறேன்."

"நீ பாக்க மாட்ட" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் இறந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள். "உங்கம்மாவுக்குக் குழந்தை மனசு." மாடி வீட்டுக்காரர் சொன்னார். என் மேலாளர் சொன்னார். அம்மாவை இரண்டே முறை பார்த்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வந்த பதினோரு பேரில் ஏழு பேர் சொன்னார்கள். ஐம்பத்தேழு வயதில் பதினாறு வயதுக்காரர்களுக்கு எழுதிய கதைகளைப் படித்தாள் என்பது அவர்களுக்குத் தெரியும். மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா, வேறு மாதிரி சொன்னாள். "வயசுக்கேத்தத படிடின்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி அந்தப் பொம்மை போட்ட அட்டையை விரிச்சு வெச்சிக்கிட்டு உக்காருவா. எனக்கு மானம் போகும்."

இரண்டில் பெரியம்மா சொன்னது பரவாயில்லை. குறைந்தபட்சம் அது பார்த்துச் சொன்னது.

அம்மாவுக்குக் குழந்தை மனசு கிடையாது. பதிவுக்காக எழுதுகிறேன். கீழ்வீட்டுப் பெண் ஒருமுறை மாடிப்படியில் எங்கள் செருப்பைத் தள்ளி வைத்தாள் என்பதற்காக ஒன்பது வருடம் அவளோடு பேசாமல் இருந்தவள். மன்னிப்பு கேட்டு வந்தபோது, "பரவால்ல" என்று சொல்லிவிட்டு, பத்தாவது வருடமும் பேசவில்லை. அப்பா இருக்கிறார், வேறு வீட்டில். அவர் அனுப்பிய எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் அலமாரிக் காலுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தாள். அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் வேலை கிருமிநீக்க அறையில். அறுவைக்குப் பயன்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கழுவப்பட்டு அவளிடம் வரும். எண்ணிச் சரிபார்த்து, துணியில் பொதிந்து, பொதியின் மேல் ஒரு டேப் ஒட்டுவாள். வெளிறிய நிறத்தில், சாய்வாக மங்கிய கோடுகள் போட்ட டேப். பொதியை ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்துக்குள் வைத்து மூடி நீராவியை ஏற்றுவாள். நூற்று முப்பத்து நான்கு டிகிரி. வெளியே வரும்போது அந்தக் கோடுகள் கறுத்திருந்தால் நீராவி பட்டிருக்கிறது என்று அர்த்தம். கறுக்காவிட்டால் அந்தப் பொதியை யாரும் தொடக் கூடாது.

ஒருமுறை அறுவை மருத்துவர் ஒருவர் நேரே கதவுக்கு வந்துவிட்டாராம். அறைக்கு எதிரே துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், எல்லோரும் துணி அக்கா என்று கூப்பிடுபவர், அதை எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"டிரே வேணும், இப்பவே."

"ஆறு நிமிஷம் இருக்கு டாக்டர்."

"பேஷன்ட் டேபிள்ல படுத்திருக்காரு!"

"அதனாலதான் ஆறு நிமிஷம்னு சொல்றேன்."

"யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது. அஞ்சே முக்கால்."

இவளுக்குத்தான் குழந்தை மனசாம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'பாப்பா' என்று பெயர். அன்பில் வைத்தது இல்லை. கிருமிநீக்க அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையில் துள்ளும் பெண் படம் போட்ட புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த வார்டு மேற்பார்வையாளர் வைத்தது. "பாப்பா, ஹோம்வொர்க் முடிஞ்சுதா?" அம்மா தலையைத் தூக்காமல், "உங்க வார்டு டிரேல ஒரு இடுக்கி குறையுது. அதைத் தேடி முடிச்சீங்களா?" என்றாள். இடுக்கி கிடைத்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தப் புத்தகங்கள் அவளிடம் வந்தது என்னால். எனக்குப் பதின்மூன்று வயதானபோது பள்ளியில் கட்டாயம் என்று நூலகத்தில் இளையோர் அட்டை எடுத்தேன். ஒரே ஒரு புத்தகம் எடுத்தேன். பிரிக்கவில்லை. எனக்கு அப்போது ரேடியோவைப் பிரிப்பதுதான் வேலை. தவணை தாண்டிவிட்டது. திட்டிக்கொண்டே அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கக் கைப்பையில் போட்டாள். வேலைக்குப் போகும் வழியில் நூலகம் திறக்கவில்லை. ஆட்டோகிளேவ் ஒரு சுற்று ஐம்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் கவனித்துப் பார்க்க வேண்டும். பிறகு அழுத்தமானியில் ஒரு கண் இருந்தால் போதும், ஆனால் அறையை விட்டுப் போக முடியாது. மற்றொரு கண்ணுக்கு வேலை இல்லை. இரண்டு சுற்றில் பாதிப் புத்தகம் முடிந்தது. மறுநாள் மீதி. அதற்கு அடுத்த நாள் என் அட்டையில் இன்னொன்று எடுத்து வந்தாள்.

இருபத்து மூன்று வருடம் எடுத்தாள்.

நான் கேட்டிருக்கிறேன். நல்ல விதமாகக் கேட்டதில்லை.

"இதுல என்னதான் இருக்கு? பள்ளிக்கூடப் பொண்ணு ஊரைக் காப்பாத்துவா. அவ்வளவுதானே?"

"ஆமா. யாராவது காப்பாத்தணும்ல?"

"பெரியவங்க எழுதினது, பெரியவங்களுக்கு எழுதினது படிச்சா என்ன?"

"படிச்சேனே. மாடியில ஒரு செல்ஃப் முழுக்கப் படிச்சேன். ஒருத்தன் தப்பு பண்றான். அவன் ஏன் பண்ணான்னு முந்நூறு பக்கம். கடைசில ஜன்னல்கிட்ட நின்னு வருத்தப்படறான். எனக்கு அவன்மேல கோவம்தான் வருது. இதுல தப்பு பண்ணா, ஒருத்தி எந்திரிச்சுப் போயி தடுக்கறா. பெரியவங்க புக்ல எல்லாரும் வருத்தப்படறாங்கடி. இதுல கோவப்படறாங்க."

"வாழ்க்கை அப்படி இல்லையே."

"வாழ்க்கை எப்படின்னு நீ எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

மனதை இளமையாக வைத்துக்கொள்ளப் படிக்கிறீர்களா என்று யாரோ கேட்டபோது, "மனசை விடுங்க, என் முழங்காலக் கேளுங்க" என்றாள். அந்தக் கேள்வி அவளுக்குப் பெரியம்மாவின் ஏச்சைவிட அதிகமாக எரிச்சல் தந்தது.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். அழுத்தமானிகளைச் சோதித்து, சரியாகக் காட்டுகிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் வேலை. சரியாகக் காட்டாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் நிறுவனம் அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பியது. அம்மாவின் அறையில் இரண்டு ஆட்டோகிளேவ். முதலாவது தேறியது. இரண்டாவதன் மானி உண்மை அழுத்தத்தைவிட நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டியது. ஒன்றரைக்கு மேல் போகக் கூடாது.

அம்மா பின்னால் நின்றாள். "டேப் கறுக்குதே" என்றாள்.

"டேப் வேற. மானி வேற."

"ஒரே மெஷின வெச்சு நான் ஓட்டணும். தெரியுதா?"

"தெரியுது."

சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். புது மானி வர பதினோரு நாள் ஆனது. பதினோரு நாளும் ஒரே இயந்திரத்தில் இரண்டு இயந்திர வேலையைப் பார்த்தாள். வீட்டில் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைக்கும்போது, "அது தப்பாத்தான் காட்டுச்சு. பிரிச்சுப் பாத்தேன்" என்றாள். நான் தலையாட்டினேன். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

இனி அட்டை விஷயம்.

இளையோர் அட்டை பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வயது வரைதான். நூலகத்தில் முன்பு இருந்த எழுத்தர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் அட்டையைப் புதுப்பிக்கும்போது என் பிறந்த ஆண்டில் ஒன்றைக் கூட்டிவிடுவார். கணினி கேள்வி கேட்காது. இப்படி நூலகக் கணக்கில் எனக்குப் பதினேழு வயது. நிஜத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் வந்து போய், அதுவும் நின்று, முப்பத்தாறு ஆகியிருந்தது.

அவர் ஓய்வு பெற்றார். புதிய எழுத்தர் வந்தார். புதிய மென்பொருளில் கைபேசி எண் கட்டாயம். அட்டை என் பெயரில் இருந்ததால் அம்மா என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். போன வருடக் கடைசியில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி. 'அன்புள்ள இளம் வாசகரே, உங்கள் வயது 17 எனப் பதிவாகியுள்ளது. பிழை இருந்தால் தெரிவிக்கவும்.'

பிழை இருந்தது. தெரிவித்தேன். அடையாள அட்டையின் நகலையும் இணைத்தேன். மதிய இடைவேளையில், நான்கு நிமிடத்தில் செய்தேன்.

அம்மா அந்த அட்டையில் புத்தகம் எடுப்பது எனக்குத் தெரியாது என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அது பொய். தெரியும். பதிவைத் திருத்தினால் அட்டை போய்விடும் என்பதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் திருத்தியிருப்பேன். தவறான அளவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அதை யாரிடம் கற்றேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் அதிகம்.

அப்போது அவள் ஒரு தொடர்கதைக்குள் இருந்தாள். ஏழு பாகம். ஓர் அணைக்கட்டு ஊர். தண்ணீரைத் திறந்துவிடும் ஏழு மதகுகளின் சாவிகளையும் ஒரு குடும்பம் வைத்திருக்கிறது. கீழ்க்கரையில் இருக்கும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு சாவியாகத் திருடுகிறாள். ஒரு பாகத்துக்கு ஒரு சாவி. கதையில் வரும் வால்வுகளைப் பற்றி அம்மாவுக்குப் பெரிய மரியாதை. "எழுதினவங்களுக்கு வால்வு தெரிஞ்சிருக்குடி" என்பாள். ஆறாம் பாகத்தில் தொண்ணூறு பக்கம் மிச்சம் இருந்தபோது, அட்டை ரத்து, நூலை உடனே ஒப்படைக்கவும் என்று அதே எண்ணுக்கு, அதாவது எனக்கு, செய்தி வந்தது.

ஒப்படைக்கப் போனபோது நானும் கூடப் போனேன். நான் வண்டியில் கொண்டுவிட வேண்டியிருந்தது.

எழுத்தர் புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இது பசங்களுக்கு."

"நானும் பசங்கதான். கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன்."

"பெரியவங்க பிரிவு மாடியில இருக்கு."

"மாடி எனக்குத் தெரியும். தொண்ணூறு பக்கம் மிச்சம் இருக்கு. இங்கயே உக்காந்து படிச்சிட்டுக் குடுக்கறேன்."

"அந்த மூலையில பெரியவங்க உக்காரக் கூடாது."

அம்மா மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான்கு தாழ்வான நாற்காலி. நான்கும் காலி. மின்விசிறி அவற்றுக்காக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருமே இல்லையே."

"விதி இருக்குல்ல."

"சரி. மாடிக்கு எடுத்துட்டுப் போயி படிக்கறேன்."

"இந்தப் பிரிவு புக் இந்தப் பிரிவை விட்டுப் போகக் கூடாதும்மா."

"அப்ப இதை யாருதான் படிக்கறது?"

"உங்க பேத்தி யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோபத்தின் நடுவிலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இவகிட்டயே கேளுங்க, எப்ப தருவான்னு" என்றாள். பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க. தேதி போட்டு, சீல் வெச்சு. வாயில சொல்றது எனக்கு வேணாம்" என்றாள்.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விதியைத் தேடி எடுத்தார். பெரியவர்கள் 'சிறப்பு வாசகர்' என்று விண்ணப்பிக்கலாம். ஆசிரியர்களுக்காக எப்போதோ வைத்த விதி. விண்ணப்பம் வாங்குவது வருடத்துக்கு ஒருமுறைதான். அந்தப் பிரிவு நூல்களைப் படித்த இரண்டு பெரியவர்கள் கையெழுத்திட வேண்டும்.

"பெரியவங்களுக்குப் புக் தர மாட்டீங்க. ஆனா படிச்ச பெரியவங்க ரெண்டு பேர் வேணும்" என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

"விதிய நான் எழுதலீங்க."

வண்டியில் ஏறியபோது அம்மா சொன்னாள், "இப்ப பேசற. அந்த மெசேஜுக்கு பதில் போடும்போது உன் வாய் எங்க போச்சு?"

கடைகளில் தேடினேன். ஆறும் ஏழும் அச்சில் இல்லை. பழைய புத்தகக் கடையில் முதல் பாகம் மட்டும், முதுகு கிழிந்து, அம்மாவுக்குக் கிடைத்தது. அதைத்தான் என் மேசையில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை ஒரு வீடியோ கூட்டம் இருந்தது. மடிக்கணினியின் கேமரா தாழ்வாக இருந்தது. உயரத்துக்கு அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அம்மா என் அறைக்குத் தேநீர் கொண்டு வந்தாள். மூன்று நாளும் அதைப் பார்த்திருப்பாள். எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமை டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் இரண்டாம் சுற்றுக்குப் பொதிகளை ஏற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் புத்தகம் இல்லை. சுற்று முடிந்து இயந்திரம் கூவியது. கூவிக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு நாளும் அதை மூன்று முறைக்கு மேல் கூவ விட்டதில்லை. துணி அக்கா அதைக் கேட்டுத்தான் எழுந்து வந்தார். மாரடைப்பு என்று எழுதியிருக்கிறது. முந்தைய அறிகுறி எதுவும் பதிவில் இல்லை. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் பெரியம்மா அம்மாவின் அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் முழுக்க அந்த டேப். ஓர் அங்குலத் துண்டுகள், வரிசை வரிசையாக, மேலிருந்து கீழ்வரை. எல்லாம் கறுத்த கோடுகளோடு.

"என்ன கண்றாவி இது, கதவையே நாசம் பண்ணி வெச்சிருக்கா" என்று நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

துணி அக்கா அன்று அம்மாவின் கைப்பையைக் கொடுக்க வந்திருந்தார். "கைய எடுங்க" என்றார். பெரியம்மாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"நீ யாரு, எனக்குச் சொல்ல?"

"பாப்பாவோட ஃபிரெண்டு. கைய எடுங்க."

பெரியம்மா கையை எடுத்தாள். முதல் வரிசையில் இரண்டு துண்டு அதற்குள் போயிருந்தது.

அந்தத் துண்டுகளை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஏதோ இயந்திரச் சோதனைப் பதிவு என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி சொத்தை வீட்டில் ஒட்டுகிறாயே என்று ஒருமுறை சண்டை போட்டிருக்கிறேன். "ஒரு அங்குலம்டி" என்று மட்டும் சொன்னாள். துணி அக்கா சொல்லித்தான் என்னவென்று தெரிந்தது. புதுப் புத்தகம் ஆரம்பிக்கும்போது ஓர் அங்குலம் டேப் கிழித்து அடையாளத்துக்கு வைத்துக்கொள்வாள். புத்தகம் முடியும் வரை அது வெளுப்பாகவே இருக்கும். முடிந்த அன்று அதை ஒரு பொதியின் மூலையில் ஒட்டி உள்ளே அனுப்புவாள். கறுத்து வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து கதவில் ஒட்டுவாள். பாதியில் விட்ட புத்தகத்தின் டேப்பைக் கறுக்க வைத்ததே இல்லையாம்.

"ஒரு தடவ நான் சும்மா கேட்டேன், கடைசி நாலு பக்கம்தானே, போட்டுத் தொலையேன்னு" என்றார் அக்கா. "என்னை அப்படியே பாத்தா. நீ இருக்கியே, உன்ன மாதிரியே பாத்தா."

எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. பெரியம்மா சுரண்டிய இரண்டையும் சேர்த்து.

கைப்பையில் மூக்குக் கண்ணாடி, டேப் சுருள், பிளாஸ்டிக் உறையில் படிவம். 'விண்ணப்பத்துக்கான காரணம்' என்ற இடத்தில் நான்கு கோடு விட்டிருந்தார்கள். அம்மா ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள். 'பிடிக்கும்.' முதல் கையெழுத்து துணி அக்காவுடையது. அம்மா எடுத்து வந்த புத்தகங்களைப் பதினைந்து வருடமாகத் துணிக் கிடங்கில் உட்கார்ந்து அவரும் படித்திருக்கிறார். இரண்டாவது கோடு காலி. வியாழக்கிழமை வேலை முடிந்து நூலகத்துக்குப் போவதாக இருந்தாளாம்.

"கையெழுத்து இல்லாமயா?" என்று கேட்டேன்.

"நீ போடுவேன்னு சொன்னா."

"எப்ப சொன்னா?"

"செத்த அன்னிக்குக் காலைல. 'படிக்காம போட மாட்டா, சனியன். ஆனா படிச்சா போட்டுடுவா. இன்னிக்குப் போயி, தேதிய ஒரு வாரம் தள்ளிக் கேட்டுட்டு வரேன்'னா."

நான் நூலகத்துக்குப் போனேன். அதே எழுத்தர். படிவத்தை நீட்டினேன்.

"விண்ணப்பதாரர் நேர்ல வரணும்."

"இறந்துட்டாங்க."

படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப... இது எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. "ஆறாம் பாகம் உள்ள இருக்கா?" என்று கேட்டேன்.

"அந்தம்மா குடுத்ததா? இருக்கு. யாரும் எடுக்கல. உள்ள ஏதோ ஒட்டற குப்பை வேற வெச்சுக் குடுத்திருந்தாங்க." அலமாரியிலிருந்து எடுத்து, கையை விடாமல், எனக்குக் காட்டினார். நானும் பெரியவள்தான். தர முடியாது.

பக்கம் இருநூற்று முப்பத்தொன்றில் ஓர் அங்குலம் டேப். கோடுகள் வெளுப்பாக இருந்தன.

"அதை எடுக்காதீங்க" என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்தது. படித்துக்கொண்டிருந்த ஒருவர் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அது அந்தப் பக்கத்துலயே இருக்கட்டும். எடுத்தீங்கன்னா எனக்குத் தெரியும்."

அவர் புத்தகத்தை மூடினார். எடுக்கவில்லை.

"ஃபாரத்த முடிச்சுக் கொண்டுவரேன். வாங்கிக்கோங்க. நிராகரிக்கணும்னா நிராகரிங்க. ஆனா எழுதிக் குடுக்கணும். தேதி போட்டு, சீல் வெச்சு."

"ரெண்டு கையெழுத்து இல்லாம நான் வாங்கவே முடியாதுங்க."

"தெரியும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் தூக்கி அடியிலிருந்த புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் நான்கு ரப்பர் கால்களின் தடம் பதிந்திருந்தது. முதல் அத்தியாயத்துக்கு முன்னால் அம்மா ஒரு டேப் துண்டு வைத்திருந்தாள். எனக்காகக் கிழித்தது.

படித்துக்கொண்டிருக்கிறேன். பிடிக்கவில்லை. அந்தப் பெண் பேச வேண்டிய இடத்தில் ஓடுகிறாள், ஓட வேண்டிய இடத்தில் பேசுகிறாள். மேல்கரைக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரிக் கெட்டவர்கள். ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் மதகைத் திறக்கும் விதம் தவறு. அந்த அழுத்தத்தில் ஓர் ஆளால் சக்கரத்தைச் சுற்ற முடியாது. வால்வு தெரிந்தவர் எழுதியது என்று அம்மா எப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பாள். எழுபத்தாறாம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் தாய், சாவி எங்கே என்று தெரிந்தும் சொல்லாமல், பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிறாள். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

புத்தகம் இருநூற்றுத் தொண்ணூறு பக்கம். கையெழுத்தைக் கடைசிப் பக்கத்துக்குப் பிறகுதான் போடுவேன், முன்னால் இல்லை. டேப்பைத் துணி அக்காவிடம் கொடுத்தால் உள்ளே போட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவும் முடித்த பிறகுதான்.

படிவம் பிளாஸ்டிக் உறையில், என் மேசையில், அழுத்தமானிச் சான்றிதழ்களுக்கு மேல் இருக்கிறது. முப்பதாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள். தேதியைத் தள்ளிக் கேட்க யாரும் போகவில்லை. இரண்டாவது கோடு காலி. நான் எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறேன்.